பூட்டை மாற்றியவனுக்கு

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். இந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டு மேலே போ, நீ நம்பாதது அதைத்தான். நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைக் கேட்காமல் எனக்குக் கடிதம் தொடங்க வரவில்லை. போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் சரிம்மா சரிம்மா என்று நடுவில் புகுந்துவிடுவாய், அப்புறம் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவாய். அதனால் இப்போது உட்கார்ந்து முழுசாகப் படி.

ஐந்து மாதம் தன்னந்தனியாக ஏழு நாடு சுற்றிவிட்டுப் போன வியாழக்கிழமை மத்தியானம் பையை இழுத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றேன். விமானத்தில் இருந்தபோதே சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன், என் குளியலறையில் குளித்துவிட்டு என் கட்டிலில் காலை நீட்ட வேண்டும் என்று அவ்வளவு ஆசை. வந்து பார்த்தால் சாவி போட ஓட்டையே இல்லை. பூட்டு இருந்த இடத்தில் நம்பர் அழுத்துகிற ஒரு கறுப்புப் பெட்டி. போனைத் திறந்தால் காலையில் நீ அனுப்பியது இருக்கிறது, பூட்டை மாத்தியாச்சும்மா, நம்பர் உன் பிறந்த நாள்தான், ஞாபகம் வச்சுக்க சுலபம் என்று. அழுத்தினேன், திறக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி அழுத்தினேன். மூன்றாவது தடவை அது கத்த ஆரம்பித்தது பார், தெருவே வெளியே வந்துவிட்டது. எதிர் வீட்டுப் பல் டாக்டர் கையுறையோடு ஓடி வந்தார், அவர் பின்னால் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரு நோயாளி. முப்பத்தி நாலு வருஷமாகக் குடியிருக்கிற வீட்டு வாசலில் திருடி மாதிரி நின்றேன். உனக்குப் போன் போட்டால் மருமகள் எடுக்கிறாள், நீ மீட்டிங்கில் இருக்கிறாயாம். எந்தத் தேதியைப் போட்டான் என்று கேட்டால், பாஸ்போர்ட்டில இருக்கிறதுதானே அத்தை என்கிறாள் பாவம், அவளுக்கு என்ன தெரியும். அந்தத் தேதி என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு வாத்தியார் வாய்க்கு வந்தபடி எழுதியது. அதை அழுத்தினேன், கதவு திறந்தது. நான் நிஜமாகப் பிறந்தது எந்த நாள் என்று உன் அப்பா இருந்தவரைக்கும் அவருக்குத் தெரியும், ஒரு காலத்தில் உனக்கும் தெரியும்.

சரி, ஏதோ பாதுகாப்புக்குச் செய்திருக்கிறான், போகட்டும் என்று உள்ளே போனேன். கூடம் முழுக்க அட்டைப் பெட்டி, பதினான்கு. உன் கையெழுத்தில் ஒன்றில் அம்மா துணி, ஒன்றில் அம்மா பாத்திரம், இரண்டில் வேண்டாதவை. நான் ஊரில் இல்லாதபோது பத்து நாள் வந்து தங்கிவிட்டுப் போயிருக்கிறாயாம், பல் டாக்டர் சொன்னார், என்னிடம் நீ மூச்சு விடவில்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறாய் போல என்று நானும் மக்கு மாதிரி நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் ஒரு புருஷன் பெண்டாட்டி டேப்போடு வந்து நிற்கிறார்கள், ஜன்னலுக்குத் திரைச்சீலை அளக்க வேண்டுமாம், ஒன்றாம் தேதி குடி வருகிறார்களாம். உங்க பையன் சொல்லலையா, நீங்க அவர்கூடவே போயிடுறீங்கன்னு சொன்னாரே என்று அந்தப் பெண் கேட்கிறாள். அவர்கள் மேல் என்ன தப்பு? உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, இந்த வீடு வாடகைக்கு இல்லை, இதில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் டேப்பைச் சுருட்டக்கூட மறந்து கையில் தொங்கவிட்டுக்கொண்டே போனாள். நீ அவர்களுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேள், இதைத் தள்ளிப் போடாதே.

இது எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். நான்காவது நாட்டில் ரயில் நிலையப் படியில் கால் பிசகி, நாலு நாள் உன்னிடம் பேசாமல் இருந்தேன். பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன், அந்த நாலு நாள் நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்பதும் புரிகிறது. ஆனால் இருபத்திரண்டு வயசில் நீ இப்போது இருக்கிற ஊருக்குப் போய்ப் பதினோரு நாள் ஒரு வார்த்தை பேசவில்லையே, நான் என்ன செய்தேன்? சாப்பாடு இறங்காமல் கிடந்தேன். உன் அறையைக் காலி பண்ணி ஆள் வைத்தேனா? நான் கிளம்புகிற வரைக்கும் உன் உடைந்த சைக்கிள் பம்ப்கூட அந்த அலமாரி மேலேயே இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கொடுத்தவள்டா நான். இருபத்தேழு வருஷம் ஒரே ரூட், இருபத்தாறு ஸ்டாப், காலையில் போன தெருவிலேயே சாயங்காலம் வரைக்கும் திரும்பித் திரும்பி வந்தேன். கண் நன்றாக இருக்கிறபோதே வேறு தெருக்களையும் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். பாஷை தெரியாத ஊர்களில் ராத்திரி பயம் வந்தபோதெல்லாம் நம் வீட்டைத்தான் நினைத்துக்கொண்டேன், கூடத்தில் எது எங்கே இருக்கிறது என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக. அதை எல்லாம் நீ பெட்டியில் போட்டு டேப் ஒட்டியிருக்கிறாய்.

வேண்டாதவை என்று எழுதியதில் ஒன்றைப் பிரித்தால் மேலேயே என் கண்டக்டர் பை. அந்தப் பையின் உள் மடிப்பில் கையை விட்டால், நீ இரண்டாம் வகுப்பில் எனக்குச் செய்து கொடுத்த பிறந்த நாள் அட்டை. சிவப்புப் பென்சிலில் பஸ், பஸ்ஸை விடப் பெரிய மூக்கோடு நான், கீழே கோணல் மாணலாகத் தேதி. சரியான தேதி. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் அழுதேன் என்றே வைத்துக்கொள்.

நேற்று பூட்டுக்காரரை வரவழைத்துப் பழைய பூட்டையே திருப்பிப் போட்டாச்சு, அதுவும் வேண்டாதவையில்தான் கிடந்தது. உன் கறுப்புப் பெட்டியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துப் போய் உன் வீட்டில் மாட்டு. தினமும் காலை எட்டு மணிக்கு உனக்கு ஒரு வரி அனுப்புவேன். வரவில்லை என்றால் பல் டாக்டருக்குப் போன் போடு, வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். உன்னோடு வந்து இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றினால் நானே கேட்பேன், எனக்கு வாய் இருக்கிறது. குட்டிக்கு ஒரு மரக் குதிரை வாங்கி வந்திருக்கிறேன், தபாலில் அனுப்ப மாட்டேன், அவளே வந்து வாங்கிக்கொள்ளட்டும். மீட்டிங் மீட்டிங் என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, உன் வயிறு உன் அப்பா வயிறு.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் மனசாரத்தான் சொல்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பழைய பூட்டுக்கு இன்னொரு சாவி செய்து, காகிதத்தில் மடித்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், அது உனக்கு. ஆனால் வந்தால் முதலில் மணி அடி. நான் வந்து திறக்கிறேன், கால் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், பொறுமையாக நில். மூன்று தடவை அடித்தும் நான் வரவில்லை என்றால், அன்றைக்கு மட்டும் அந்தச் சாவியைப் போட்டுத் திற.

இப்படிக்கு,
என் வீட்டில் இருக்கும்
உன் அம்மா