ஏலக்காரரின் தொண்டை

மார்ச் 3

என் மகளின் அப்பாவுக்கு,

நலம் விசாரித்துக்கொள்ளும் நிலையில் நாம் இல்லை, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தொண்டைப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு இணையத்தில் உதவி கேட்டது நான். பிரிந்து ஆறு வருஷம் ஆனாலும், "அப்பாவை ஏம்மா சாகவிட்ட?" என்று மகள் நாளைக்கு என்னைக் கேட்கக் கூடாது.

அதில் போட இரண்டு வார்த்தை பேசி அனுப்பச் சொன்னேன். நீங்களோ மீன் சந்தையில் நின்று, ஏலம் விடுகிற அதே தொண்டையில், "என் உசுரு ஒரு தரம், ரெண்டு தரம்! யாருய்யா குடுக்கறது?" என்று கத்தி அனுப்பியிருக்கிறீர்கள். என் மருந்துக்கடையில் கூட்டமாக இருந்த நேரம், அதைப் போட்டுக் கேட்காமலே பக்கத்தில் ஏற்றிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "இவனுக்கா தொண்டையில நோய்?" என்று ஆளாளுக்குப் புகார். உதவி கேட்ட பக்கத்தையே முடக்கிவிட்டார்கள். இந்த மாதம் தாண்டினால் கத்தி வைக்க முடியாது என்கிறார் டாக்டர்.

மகளின் அம்மா

மார்ச் 5

மகராசிக்கு,

அந்தத் தொண்டைதான் உனக்கும் சோறு போட்டது. பிச்சைக் குரல் எனக்கு வராது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். இழுத்துவிட்டவள் நீ, நீயே சரிசெய்.

உன் முன்னாள் தாலிக்காரன்

மார்ச் 11

அடி பாவி,

நீ பேசிய வீடியோவைச் சந்தையே பார்த்துவிட்டது. "இந்த ஆள் வாயைத் திறந்தா சாக்கடை. இவர் சத்தம் கேட்டா எம்பொண்ணு பாத்ரூம்ல போய்த் தாழ் போட்டுக்குவா. இவருக்காகப் பொய் சொல்லணும்னு எனக்கென்ன தலையெழுத்து? நோய் நிஜம். குடுக்கறவங்க குடுங்க."

என் மானம் கப்பலேறிவிட்டது. கட்டியவளே காறித் துப்பினால் நோய் உண்மைதான் என்று முடக்கிய பக்கத்தைத் திறந்துவிட, சனம் பணத்தைக் கொட்டிவிட்டதாம்! நாளை ஆபரேஷன். பிழைத்து வந்து உன் கடை வாசலில் நின்று கத்துவேன்.

உயிரோடு இருக்கிறவன்

மார்ச் 20

மகளின் அப்பாவுக்கு,

கத்த முடியாது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். எனக்கு வருத்தம் இல்லை. சந்தோஷமும் இல்லை, அதுதான் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. என் பொறுப்பு முடிந்தது. இனி எனக்கு எழுத வேண்டாம்.

மகளிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அப்பாவால இனிமே சத்தமே போட முடியாதாம்மா? நிஜமாவா?" என்று கேட்டாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வருகிறாள்.

மகளின் அம்மா