சமையல் மேடை எவ்வளவு உயரம்?

இன்னும் கட்டாத வீட்டின் எஜமானிக்கு,

உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? அண்ணியின் குறட்டையைப் பற்றி நீ சொன்னதை நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நம் வீட்டைக் கட்டித்தரும் இன்ஜினியர் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன்.

இன்று மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வீட்டைக் காட்டினார்கள். நான் ஜம்பமாக நுழைந்து நேரே படுக்கையறைக்கு நடந்தேன்.

"சார், செவுத்துக்குள்ள பூந்து போறீங்க!" என்றார் மேஸ்திரி.

திரும்பி வந்து கதவு வழியாகப் போனேன். மானம் போனது போனதுதான்.

எனக்கு எழுதுவதற்கென்று ஓர் அறை கேட்டு அடம்பிடித்தேனே, நீகூட அதனால் கோபித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாயே, அந்த அறை இப்போது உன் தையல் மெஷினுக்கு. ஜன்னலும் அங்கேதான். எனக்குக் கூடத்தில் ஒரு மூலை. நான் எழுதுகிற லட்சணத்துக்கு அதுவே அதிகம்.

அப்புறம் இன்ஜினியர் அம்மா சமையல் மேடையின் உயரம் கேட்டார். ஜன்னல் அதற்கு மேலே வரவேண்டுமாம்.

"யாரு உயரத்துக்கு சார் வைக்கறது? மேடம் வருவாங்கல்ல?"

நீ பக்கத்தில் நிற்பதாக நினைத்து, உன் இடுப்பு வரும் இடத்தில் கையை நீட்டிக் காட்டினேன். அவர் சிரிக்காமல் டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொண்டார்.

அளவு சரியா என்று ஒருமுறை வந்து நின்று பார்த்துவிடு. நீ வராவிட்டாலும் உயரத்தை மாற்றமாட்டேன். குனிந்து சமைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்