கற்பூரம் அணைக்காத சாட்சி

இன்று காலை செஞ்சிக் கடைத்தெருவில் கற்பூரப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும், சிநேகிதன் என்று நம்பிய உன் நினைப்பு வந்தது. நீ செத்து ஒரு மாதமாகிறது. எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.

வல்லத்தில் வரப்புத் தகராறில் ஒருவனை யாரோ பின்னாலிருந்து வெட்டிவிட்டு ஓடினார்கள். ஆள் பிழைத்தான், ஆனால் வெட்டியவனைப் பார்க்கவில்லை. என் அண்ணன்தான் வெட்டினான் என்று உன்னைச் சாட்சி சொல்லச் சொன்னார், எங்களோடு பகையிருந்த உன் நிலக்காரர். மாட்டேன் என்றால் நீ குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லை போய்விடும். வெட்டு நடந்த அன்று அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்தான். கஷாயம் வாங்கி வந்து கொடுத்தவனே நீதான்.

விசாரணைக்கு முதல் நாள் உன்னைத் திரௌபதியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனேன். அண்ணன்தான் வெட்டினான் என்று சொல்லி இந்தக் கற்பூரத்தை அணை என்றேன். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். கோர்ட்டிலும் இவனுக்குப் பொய் வராது என்று நம்பினேன். என்னைப்போல் மடையன் உண்டா?

மறுநாள் ஜில்லா கோர்ட்டில் கடவுள் சாட்சியாக என்று தொடங்கி, வெட்டியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாய். வெளியே வந்ததும் உன் சட்டையைப் பிடித்தேன்.

“அங்க சொல்றது இன்னா சத்தியமாடா? கற்பூரமா அணைச்சேன்? என் புள்ளைங்களுக்கு ஒண்ணும் வராது” என்றாய்.

அண்ணனுக்கு ஏழு வருஷம். நான் செய்யவில்லை என்று அவன் கடைசிவரை சொன்னதால், மனம் வருந்தாதவன் என்று தீர்ப்பில் எழுதி, தண்டனையைக் குறைக்க மறுத்தார்கள்.

நாலாவது வருஷம், வெட்டியவன் வேறொரு வழக்கில் சிக்கி இதையும் கக்கினான். அண்ணன் இருமலோடு வெளியே வந்தான். உன்மேல் பொய்ச்சாட்சி வழக்குப் போட்டார்கள். ஏழு வருஷம் வரை போடலாம் என்றார் வக்கீல். எனக்கு அதுவும் போதவில்லை.

நீ முதல் நாளே ஒப்புக்கொண்டு அழுதாய். பொய்ச்சாட்சி நீதியின் வேரையே அறுப்பது என்று நீதிபதி வெகுநேரம் பேசினார். பிறகு, பிள்ளைக்குட்டிக்காரன், மனம் வருந்துகிறான் என்று சொல்லி மூன்று மாதம் போட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: “அப்போ நானும் செஞ்சேன்னு ஒத்துக்கினு அழுதிருந்தா, சீக்கிரம் வூட்டுக்கு வந்திருப்பேன் இல்ல?”

உனக்கு வாய்க்கரிசி போட அண்ணன் வந்தான். நான் வாசல்படி இறங்கவில்லை. கோர்ட்டில் அவன் கேட்டது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அது போகாதவரை உன்னை மன்னிக்க எனக்கு மனம் இல்லை.