மூக்கி எடுத்து வைத்த கிழங்குகள்

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மகன். அவன் பெண்டாட்டி, அதாவது என் மருமகள். மாப்பிள்ளை, என் மகளைக் கட்டியவர், லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். அவருடைய பெண், என் பேத்தி. ஐந்து பேர். செப்டம்பர் இரண்டாம் தேதியும் இதே ஐந்து பேர்தான் இருந்தோம். இதே சோபாவில் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, மூக்கி போய்விட்டாள் என்று எனக்குச் சொன்னார்கள். அவள் போனது ஆகஸ்ட் இருபத்திரண்டு. பதினோரு நாள் கழித்துச் சொன்னார்கள். எல்லாம் முடித்து, வீடு துடைத்து, வந்தவர்கள் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகு. "உனக்கு பிரஷர்மா" என்றான் மகன். என் பிரஷர்மேல் இவனுக்கு என்ன அக்கறை!

மூக்கி என் மகள். நடக்கிறதற்கு முன்னாலிருந்தே எதையும் மோந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டாள். அதனால் அந்தப் பெயர். முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை.

இன்று மாப்பிள்ளை ஒரு காகிதப் பையைக் கையில் கொடுத்தார். "அத்தை, இது அவ எடுத்து வச்சது. ஹயசிந்த் பூக் கிழங்கு. உங்களுக்குத்தான்." ஏழு இருந்தன. மருமகள் எட்டிப் பார்த்து, "வெங்காயம் மாதிரியே இருக்கு" என்றாள். "வதக்கிடாதீங்கக்கா, விஷம்" என்றார் மாப்பிள்ளை. பேத்தி மட்டும் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டாள்.

இந்தக் கிழங்கு வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். மூக்கியே சொன்னாள். ஆகஸ்ட் இருபத்துநாலு, ஞாயிறு, நாலு மணி. ஒவ்வொரு ஞாயிறும் அவள் போன் செய்கிற நேரம். தொண்டை கட்டியிருந்தது. "கிழங்கெல்லாம் எடுத்துக் காய வச்சிட்டேன்மா. உனக்கு ஏழு தர்றேன். சளி புடிச்சிருக்கு, அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டாள்.

செத்து இரண்டு நாள் ஆனவள்.

இதைச் சொன்னபோதெல்லாம் மகன், "எந்தப் போனும் வரலம்மா, கனவு கண்டிருப்ப" என்பான். இன்று பையைத் தூக்கிக் காட்டிக் கேட்டேன். "கனவுல வந்தவ ஏழுன்னு எப்படிடா சரியாச் சொன்னா?" நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் ஒன்றும் இல்லை. காலையில்தான் நானே துடைத்தேன்.

அக்டோபர் 7

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற செடிக்கடைக்குப் போனேன். கடைக்காரி ஆம்பளைச் சட்டை போட்ட பருமனான பெண். என்னைவிட இருபது வயது சின்னவள், வாய் பெரிது. கிழங்கை உருட்டிப் பார்த்து, "நல்லா வளத்திருக்காங்க. யாரு?" என்றாள். மகள் என்றேன்.

ஒன்று அடியில் மெத்தென்று இருந்தது. "இது தேறாதும்மா" என்று கத்தியால் நீளவாக்கில் பிளந்தாள். உள்ளே அடுக்கடுக்காக வெள்ளைச் சதை. நடுவில், அரிசி அரிசியாக ஒட்டிக்கொண்டு, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பூங்கொத்து! பச்சைவெள்ளையாக, தூங்குகிற மாதிரி.

"இதுக்குள்ள எப்ப வந்தது?"

"வெயில் காலத்துலயே வந்துரும்மா. இலை காஞ்சதும் எடுத்துப் பையில போட்டு வைக்கறோம்ல, அப்ப சும்மாக் கிடக்கற மாதிரி இருக்கும். உள்ள பூ உருவாயிட்டு இருக்கும். நீங்க வெளிய கொண்டு வர்றதுதான் பாக்கி."

இந்தக் குளிர் ஊரில் வெயில் காலம் என்றால் ஜூலை, ஆகஸ்ட். அந்தப் பை அப்போது எங்கே இருந்தது? அவள் படுத்திருந்த வீட்டில். அவளுக்குள் கட்டி வளர்ந்துகொண்டிருந்தபோது, அதே வீட்டில், பைக்குள் இது வளர்ந்திருக்கிறது.

அப்படியானால் இந்தப் பூ அவள் உயிரோடு இருந்தபோது உண்டானது. முகம் பார்க்க விடவில்லை. இதையாவது நான் பார்த்தே தீருவேன்.

கடைக்காரி சொன்னது, மறக்காமல் இருக்க எழுதுகிறேன். (மறக்க மாட்டேன். இருந்தாலும்.) பன்னிரண்டு வாரம் நல்ல குளிர் வேண்டும். மண்ணில் வைத்தால் பனிக்காலமே அந்தக் குளிரைக் கொடுத்துவிடும். மார்ச்சில் பூக்கும், அடுத்தடுத்த வருஷமும் வரும். வீட்டுக்குள் சீக்கிரம் பூக்க வேண்டுமென்றால் பிரிட்ஜில் வைத்து எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வைக்கலாம். "ஆனா தண்ணியில பூத்தா கிழங்கு தன்னையே தின்னுட்டுப் பூக்கும்மா. அப்புறம் அதுல ஒண்ணும் இருக்காது." பிரிட்ஜில் ஆப்பிள் பக்கத்தில் மட்டும் வைக்கக் கூடாது. ஆப்பிள் விடுகிற காற்றில் பூ உள்ளேயே செத்துப்போகும்.

மூன்று மண்ணுக்கு. மூன்று பிரிட்ஜுக்கு. எனக்கு எழுபத்தாறு. மார்ச் வரை யார் உத்தரவாதம்?

அக்டோபர் 8

கையுறை போடுங்கள் என்று சொன்னாள், போடவில்லை. விரலெல்லாம் அரிப்பு. சொறியச் சொறிய அரிக்கிறது. நல்லது, அரிக்கட்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

வாசல் பக்கத்து மண்ணில் மூன்றையும் ஒரு சாண் ஆழத்தில், மூக்கு மேலே பார்க்க வைத்து மூடினேன். நிமிர்ந்தபோது நாலு மணி. கூடத்தில் போன் அடித்தது. மண் கையோடு ஓடினேன்.

யாரோ. தப்பு நம்பர்.

நவம்பர் 9, ஞாயிறு

சாயந்தரம் கூடத்தில் இனிப்பாக ஒரு வாசனை. மூக்கி வீட்டில் அந்தப் பூ பூக்கும்போது படிக்கட்டிலேயே மூக்கில் ஏறுமே, அதே வாசனை. இங்கே ஏது பூ? மூன்று மண்ணுக்குள், மூன்று பிரிட்ஜுக்குள். எல்லா அறையிலும் போய் மோந்து பார்த்தேன். மகன், "என்னம்மா, கேஸ் கசியுதா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் ஜன்னலைத் திறந்தான். போய்விட்டது. ஏன் சொன்னேன்?

நவம்பர் 10

மகனிடம் மறுபடி கேட்டேன். அன்றைக்கு யார் பேசினது? "அம்மா, விடும்மா" என்று ஷூ மாட்டிக்கொண்டு போனான். வேலைக்குப் போக இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

டிசம்பர் 16

பிரிட்ஜைத் திறந்தேன். என் கிழங்குப் பைமேலேயே, ஒரு பை நிறைய ஆப்பிள்! கதவில் நானே என் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறேன்: "ஆப்பிள் வைக்காதே". எத்தனை நாளாக இருக்கிறதோ.

மருமகளைக் கூப்பிட்டேன். கேட்டது நினைவிருக்கிறது, எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. கல்யாணத்தன்று அவள் அம்மா என் மகளை ஒரு மாதிரி பார்த்தது வரைக்கும் இழுத்துவிட்டேன். "என் பொண்ணு முகத்தைத்தான் மறைச்சீங்க, பூவையுமா?" என்றேன்.

அவள் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். "அத்தை, வேலை முடிஞ்சு வந்த களைப்புல வச்சிட்டேன். தப்புதான். ஆனா வீட்ல எல்லாரும் சேந்து உங்களுக்கு எதிரா திட்டம் போடறோம்னே பேசாதீங்க. உங்களைப் பைத்தியம்னு ஆக்கறது எனக்கே பிடிக்கல. அந்தப் போன் வந்தது நெசம். இந்தக் காதால நானும் மணி அடிச்சதைக் கேட்டேன்."

"யாரு பேசினா?"

"அதைக் கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்குடி?"

அவள் ஆப்பிளை எல்லாம் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போய்விட்டாள். இருபத்துமூன்று வருஷமாக இந்த வீட்டில் என்னோடு சண்டை போட்டவள். உண்மையைச் சொன்னவள் அவள்.

ஜனவரி 3

பன்னிரண்டு வாரம் முடிந்தது. கழுத்து குறுகின குடுவை மூன்று. தண்ணீர் கிழங்கின் அடியைத் தொடக் கூடாது, மயிரிழை கீழே நிற்க வேண்டும். முளை விரல் நீளம் வருகிற வரை வெளிச்சம் படாமல் காகிதக் கூம்பு செய்து தொப்பி மாதிரி கவிழ்க்க வேண்டும். ஜன்னலில் மூன்று தொப்பிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மகன் பார்த்துச் சிரித்தான். நான் அவனோடு பேசுவதில்லை.

ஜனவரி 21

இரண்டு போச்சு. இலை வந்தது, நடுவில் பூ பழுப்பாகக் காய்ந்து உட்கார்ந்துவிட்டது. ஆப்பிள். மருமகள் வந்து பார்த்தாள். குடுவையைக் கழுவி வைத்தாள். நான் துடைத்தேன்.

மூன்றாவது நிற்கிறது. வெளிச்சத்தின் பக்கம் சாயாமல் தினமும் திருப்பி வைக்கிறேன்.

பிப்ரவரி 5

பூத்துவிட்டது. நீலம். தண்டு நீளவில்லை, இலைக்குள்ளேயே குந்திக்கொண்டு பூத்திருக்கிறது. பரவாயில்லை. வாசனை வீடு முழுவதும் நிற்கிறது. நாலு மாதமாக இதற்குத்தான் காத்திருந்தேன். பூத்த பிறகு அந்த அறையில் என்னால் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. யாரோ பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, பேசாமல் இருக்கிற மாதிரி.

பிப்ரவரி 8, ஞாயிறு

பூத்ததைச் சொல்லலாமென்று பேத்திக்கு நானே போன் போட்டேன். நாலு மணிக்குத்தான் கை போனது. அவள் ஒரு பல் டாக்டரிடம் போன் எடுக்கிற வேலை பார்க்கிறாள், ஞாயிறு லீவு.

"யாரு?" என்றாள். தொண்டை கட்டியிருந்தது. சளி.

அந்தக் குரல்.

"அன்னிக்குச் சொன்னதைச் சொல்லு" என்றேன்.

"பாட்டியா? என்ன பாட்டி?"

"கிழங்கெல்லாம் எடுத்து... சொல்லு."

மெதுவாகச் சொன்னாள். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். "கிழங்கெல்லாம் எடுத்துக் காய வச்சிட்டேன்மா. உனக்கு ஏழு தர்றேன்." அப்புறம் ஓவென்று அழுதாள்.

நான் அழவில்லை. கேட்டேன். அவள் விக்கி விக்கிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மாதான் பாட்டி பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்க. ஜூன்லயே அவங்களுக்குத் தெரியும். பக்கத்துல படுக்க வச்சு நாலு தடவை சொல்லச் சொன்னாங்க. வாய் தவறி பாட்டின்னு வந்துடும், அம்மான்னு சொல்லிப் பழகுன்னாங்க. சளின்னு சொல்லிட்டா குரல் தெரியாதுன்னாங்க. எல்லாம் முடியற வரைக்கும் பாட்டிக்குத் தெரியக் கூடாதுன்னு மாமா, அத்தை, அப்பா எல்லார்கிட்டயும் வாக்கு வாங்கிட்டாங்க. ரெண்டு நாள் முன்னாடிதான் அவங்களைக் கொண்டுபோயிருந்தாங்க. நான் போன்ல அம்மா அம்மாங்கறேன். யாரைச் சொல்றேன்னே எனக்குத் தெரியல பாட்டி."

"ஏன் அப்படிச் செய்யச் சொன்னா?"

"அதைக் கேக்காதீங்க பாட்டி."

"சொல்லு."

"பாட்டி வந்தா அழுவாங்க, நான்தான் தேத்தணும், எனக்கு இனி அதுக்குத் தெம்பு இல்லன்னாங்க."

போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 9

எனக்கு எதுவும் மறக்காது என்று இந்த வீட்டில் எல்லாரும் பயப்படுவார்கள். எந்த வருஷம், யார், என்ன புடவை, என்ன வார்த்தை என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் இதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. மூக்கியின் அப்பா போனபோது அவளுக்குப் பதினோரு வயது. நான் ஒரு மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி அடுப்பு பற்றவைத்து, தட்டில் போட்டுக்கொண்டு வந்து ஊட்டினவள் அவள். என் தலையை வாரிவிட்டவள் அவள். "அழாதம்மா, நான் இருக்கேன்ல" என்பாள். அவள் அப்பாவும்தானே செத்துப்போயிருந்தார்? அவள் அழுது நான் பார்த்த நினைவில்லை. மறந்துவிட்டேன் என்றல்ல. நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 10

சரி, அழுதேன். அழுதா என்ன? பெத்தவ அழாம யார் அழுவா? நான் ஓரமா உக்காந்து, வாயைப் பொத்திக்கிட்டு அழுதிருப்பேனே. காலையாவது பிடிச்சிட்டு இருந்திருப்பேனே. கேட்டியா நீ? ஒரு தடவை என்னைக் கேட்டியா?

பிப்ரவரி 18

நீலப் பூ கனம் தாங்காமல் ஒரு பக்கம் கவிழ்ந்தது. கிழங்கை அமுக்கிப் பார்த்தேன். பஞ்சு. கடைக்காரி சொன்னது சரி.

மார்ச் 11

வாசல் மண்ணில் மூன்று மூக்கு தெரிகிறது. மேலே பனி வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒன்றும் ஆகாதாம். மருமகள் வேலைக்குப் போகும் வழியில் குனிந்து பார்த்துவிட்டு, "அத்தை, மூணும் வந்துருச்சு, நான் எந்தப் பழமும் கிட்ட கொண்டுபோகல" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

மகனோடு பேசினேன். "உப்பு எங்க?" என்று கேட்டேன். இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தான்.

மார்ச் 29, ஞாயிறு

வெளியே மூன்றும் பூத்துவிட்டன. நீலம் இரண்டு, வெள்ளை ஒன்று. தண்டு நேராக நிற்கிறது. காற்றில் ஆடின வெள்ளைக்கு மருமகள் ஒரு குச்சி ஊன்றி, என் பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கட்டினாள். போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். வெளிக்காற்றில் வாசனை மெல்லியதாக இருக்கிறது. பக்கத்தில் நிற்க முடிகிறது.

மாப்பிள்ளை வந்திருந்தார். டீயில் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு அப்படித்தான் பிடிக்கும். தலையைக் குனிந்துகொண்டே, "அத்தை, நான் சொல்லியிருக்கணும்" என்றார். "குடிங்க மாப்பிள்ளை, ஆறிடும்" என்றேன்.

நாலு மணிக்குப் பேத்தி போன் செய்தாள். "பாட்டி, நான்தான்" என்றாள். இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் சொல்கிறாள். பல் பிடுங்கினபோது யாரோ டாக்டர் கையைக் கடித்துவிட்ட கதையைச் சொன்னாள். அவள் அழுதால் நான் தேற்ற வேண்டுமென்று நினைத்துக்கொண்டே கேட்டேன். அவள் அழவில்லை. சிரித்தாள்.

பூ முடிந்ததும் தண்டை வெட்ட வேண்டும், இலையைத் தொடக் கூடாது. மஞ்சளாகும் வரை விட்டால்தான் கிழங்கு தேறும். அப்புறம் எடுத்துக் காய வைத்துப் பையில் போட வேண்டும். அந்த வேலையை நான்தான் செய்யப்போகிறேன்.

இந்த வீட்டில் இருக்கிற யார்மேலும் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள். வாங்கினவளைத்தான் மன்னிக்க முடியவில்லை. இன்றும் இல்லை, இனியும் இல்லை.

என் மகள் மூக்கியை.