நீ போடும் முடிச்சு

என் குட்டிம்மாவுக்கு,

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். எடை சரியாகக் குறையும் முன்பே சர்க்கரை இறங்கிவிட்டது. "அதெப்படி?" என்று துளைத்தெடுத்ததில், "நாங்களே இன்னும் படிச்சிக்கிட்டுதான் இருக்கோம், விடுங்க சார்" என்று டாக்டர் கும்பிட்டார்.

இப்போது தொப்பையும் கரைந்து, குனிந்தால் கால் தெரிகிறது. ஷூ கயிற்றை நானே கட்டுகிறேன். வங்கி வாசலில் காவலுக்குப் போய் நிற்பதற்குள் அவிழ்ந்துவிடுகிறது. நீ அவனோடு போனபிறகு உன் அம்மா கட்டிவிட்டதும் அப்படித்தான். நீ கட்டினால் மட்டும் சாயங்காலம்வரை அசையாது. அது என்ன முடிச்சு? தொப்பை மறைத்ததால் ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

"கயிறில்லாத ஷூ வாங்கித் தொலைங்களேன்" என்கிறாள் அம்மா. மனசு வரவில்லை.

வந்து கட்டிக்காட்டு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

ஆமாம், மாப்பிள்ளை என்றுதான் எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா