சித்தியாக வர மாட்டேன்

கும்மிடிப்பூண்டி
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்பு மகள் ஹெலனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் நைனாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசுதான் ரெண்டு வாரமாக ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், அதைத்தான் சபையிலும் கேட்கிறேன், கம்பெனி கேன்டீன் அடுப்பு முன்னால் நின்றும் கேட்கிறேன். கால் வீக்கம் வடிந்ததா? நர்ஸ் வேலை என்றால் நிற்கத்தான் வேண்டும் என்று பதில் சொல்வாய், ஒரு ஷிப்டுக்கே இருநூறு பேருக்குச் சோறு வடிக்கிறவளுக்கு நிற்பது தெரியாதா, இருந்தாலும் ராத்திரி படுக்கும்போது காலுக்குத் தலையணை வைத்துக்கொள். இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்காதே. போனை நீ ஸ்பீக்கரில் போடுகிறாய், மாப்பிள்ளை ஜோஷ்வா அந்தப் பக்கத்திலிருந்து அத்தை என்று கூப்பிட்டதும் எனக்குப் பாதிப் பேச்சு தொண்டைக்குள்ளேயே போய்விடுகிறது, இங்கே உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் ஒன்று சொன்னால் அவர் ரெண்டு சொல்கிறார். அதனால் எழுதி, கூட வேலை செய்கிற ஏஞ்சலிடம் கொடுத்துப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். தனியாக இருக்கும்போது படி. முழுசாகப் படி, நடுவில் போன் போட்டுக் கத்தாதே.

ஆஸ்திரேலியா விசா விஷயம்தான். நீ சொன்னபடி நாமே ஆன்லைனில் போட்டுவிடலாம் என்றுதான் நான் இருந்தேன். உன் நைனாவுக்கு அதில் நம்பிக்கையே இல்லை, அவருக்கு எந்த வேலையானாலும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். ரேஷன் கார்டுக்கு ஒரு ஆள், கேஸ் கனெக்‌ஷனுக்கு ஒரு ஆள், மில்லில் வேலைக்குச் சேர்ந்ததே கான்ட்ராக்டர் ஆளைப் பிடித்துத்தானே, அப்படியே பழகிவிட்டது. எதிர்வீட்டு லோகு வேறு, அவர் மகன் குவைத்துக்குப் போனது ஏஜென்ட் மூலமாகத்தான் என்று தினமும் வந்து ஓதினார். ஒரு நாள் நான் வேலையிலிருந்து வருவதற்குள் ரெண்டு பேரும் சேர்ந்து பீரோவைத் திறந்து, என் பாஸ்போர்ட், அவர் பாஸ்போர்ட், உன் பாஸ்போர்ட் காப்பி எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டுபோய் பஜாரில் மொபைல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். என்னிடம் சொன்னது சாப்பிட்டுக் கை கழுவின பிறகு. பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்கவே தேவையில்லை, ஸ்கேன் போதும் என்று நீ எத்தனை முறை சொன்னாய், நான் எத்தனை முறை சொன்னேன். மனுஷன் காதிலே ரோலிங் மில் சத்தம் மட்டும்தான் ஏறும்.

மறுநாளே பர்மிஷன் போட்டுவிட்டு நான் போனேன். பரத் என்று பெயர், மாப்பிள்ளையை விடச் சின்ன வயசு, மரியாதையான பையன்தான், டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தான். அங்கே ஏஜென்ட் என்றால் பதிவு நம்பர் இருக்கும், அதைக் கேள் என்று சொல்லியிருந்தாயே, கேட்டேன். அவன் திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த கங்காரு படத்தைக் காட்டினான். கங்காருவுக்கு எங்கே நம்பர் இருக்கிறது? அப்புறம் உன் பாஸ்போர்ட் காப்பியின் கடைசிப் பக்கத்தையும் என் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். உன்னுடையதில் அம்மா பெயர் விக்டோரியா. என்னுடையதில் கன்னியம்மா. இத்தனை வருஷத்தில் இது ஒரு விஷயம் என்று நமக்கு யாருக்காவது தோன்றியதா? நம் தெருவில் யாருக்குத்தான் ஒரே பெயர்? எங்கள் அப்பா கன்னியம்மா கோயிலில் வேண்டிக்கொண்டு எனக்கு வைத்த பெயர் பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அப்படியே நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தபோது என்ன பெயர் என்று பாஸ்டர் கேட்டார், நான் திருதிருவென்று முழித்தேன், உன் நைனா முந்திக்கொண்டு விக்டோரியா என்றார். மில்லில் இருந்த பழைய எடை மிஷின் மேல் பித்தளையில் பொறித்திருந்த பெயராம், அதைவிட அழகான எழுத்தை அவர் பார்த்ததே இல்லையாம், கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொன்னார், நான் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்தப் பெயரைச் சபையும் அவரும் தவிர யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அம்மா பெயர் கேட்டார்கள், மனுஷனுக்கு சந்தோஷம் தலைக்கேறி எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்றே தெரியாமல் விக்டோரியா என்று எழுதிக்கொடுத்துவிட்டார். அதே பெயர்தான் பள்ளிக்கூடத்துக்கும் போய், நர்ஸிங் காலேஜுக்கும் போய், பாஸ்போர்ட்டில் ஏறி மெல்பர்னுக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பையன் கொஞ்சமும் பதறவில்லை. “ஒண்ணியும் பேஜார் ஆவாதீங்கம்மா. பொண்ணோட அம்மா விக்டோரியா தவறிட்டாங்கன்னு போட்டுக்கலாம். நீங்க அவங்க தங்கச்சி, அக்கா போனப்புறம் சாரைக் கட்டிக்கினீங்க, பொண்ணுக்கு சித்தி. அம்மா இல்லாத பொண்ணுக்குப் பிரசவம் பாக்கப் போறீங்க. டெத் சர்டிபிகேட் நான் ரெடி பண்ணிக் குடுத்துர்றேன், முடிஞ்சிது மேட்டரு” என்றான். நாஷ்டாவுக்கு இட்லியா பூரியா என்று கேட்கிற மாதிரி சொன்னான். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், நான் யோசிக்கத்தான் செய்தேன். உடனே தூக்கி எறிந்துவிட்டு வந்தேன் என்று எழுதினால் எனக்குப் பெருமையாக இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்தால் உனக்கு நாள் நெருங்கிவிடும். மாப்பிள்ளைக்கும் அம்மா இல்லை. வலி வந்தால் யார் இடுப்பைப் பிடித்துவிடுவார்கள், பிள்ளையைக் குளிப்பாட்ட யார் இருக்கிறார்கள் என்று நினைத்தால் சித்தி என்றால் என்ன, ஆயா என்று போட்டுக்கொண்டாலும் வரலாம் என்றுதான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது ஹெலன் என் அக்கா மகள், ஹெலன் என் அக்கா மகள் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். கேன்டீனில் சாம்பாருக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன், சூப்பர்வைசர் வந்து உங்களுக்கு இன்னா ஆச்சுமா என்று கேட்டார். ஏர்போர்ட்டில் ஒரு ஆபீசர் உன் அக்கா எப்போது செத்தாள் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அதைவிட இன்னொன்று, நீ அங்கே நிரந்தரமாகத் தங்க பி.ஆர். வாங்கினபோது அம்மா உயிரோடு இருக்கிறாள் என்றுதானே எழுதியிருப்பாய்? உன் பேப்பரில் உயிரோடு இருக்கிறவள் என் பேப்பரில் செத்தவள் என்றால் அவர்கள் யாரைப் பிடிப்பார்கள், என்னையா, உன்னையா?

உன் நைனாவிடம் சொன்னேன். அவருக்கு இது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. “பேப்பர்லதானமே சாவுற, நெசமாவா சாவுற?” என்றார். பொண்ணு அங்கே தனியாகக் கிடக்கிறாள், நீ இங்கே நியாயம் பேசிக்கினு இரு என்றார். அன்றைக்கு நடந்த சண்டையில் பக்கத்து வீட்டு ஞானம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டாள், கேட்பதற்கு வசதியாக. அவர் மேல் எனக்குக் கோபம் தாங்கவில்லை, ஆனால் அவர் பேசினதும் உன் மேல் இருக்கிற பாசத்தில்தான், அது எனக்குத் தெரியும். பாசம் இருந்தால் போதுமா, மூளை வேண்டாமா?

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பையனே லோகுவோடு வீட்டுக்கு வந்தான். எதையெல்லாமோ டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தான், செத்தவளின் புருஷன் என்ற இடத்தில் உன் நைனா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். நான் அடுப்படியில் வாசற்படி ஓரமாக நின்றேன், பேசினால் மறுபடியும் சண்டை. உன் நைனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேனாவை வாங்கினார். எழுத்துக்கூட்டிப் படித்தார். “என் மனைவி விக்டோரியா என்பவர்” என்பது வரைக்கும் சத்தமாகப் படித்தார், அதுக்கு மேல் படிக்கவில்லை. பேனா கையிலேயே இருந்தது. லோகு இங்கே போடுங்கள் என்று விரல் வைத்துக் காட்டினார். உன் நைனா பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து அவர்கள் பக்கம் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்து, “அந்தப் பேரு நான் வெச்சது. என் கையாலயே அத எப்பிடிமே சாவடிப்பேன்?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் என்னிடம் இதைவிட நல்ல வார்த்தை பேசினதில்லை.

அப்புறம் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குகிற பாடு. அவன் மெட்ராஸ் ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன் என்றான், இன்றைக்கு வா நாளைக்கு வா என்றான். நானும் உன் நைனாவும் நேராகப் போய் அவன் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். வந்தவர்கள் எல்லாம் நீங்கள் எந்த நாட்டுக்கு என்று கேட்டார்கள். நான் நாட்டுக்கு இல்லப்பா, செத்துப்போனவள், பாஸ்போர்ட்டை வாங்கிப் போக வந்திருக்கிறேன் என்று நிதானமாகச் சொன்னேன். மூன்றாவது ஆள் படியிறங்கிப் போனதும் மெட்ராஸில் இருந்த பாஸ்போர்ட் மேஜை டிராயரிலிருந்தே வெளியே வந்தது. வரும்போது அந்தப் பையன் நீங்களாகப் போட்டால் ரிஜெக்ட்தான் ஆகும், அப்புறம் என்னிடம் வராதீர்கள் என்றான். அந்த வார்த்தைதான் ஹெலன் எனக்குக் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. செய்தது சரி என்று தெரிகிறது, ஆனாலும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

வெள்ளிக்கிழமை பொன்னேரி கோர்ட் பக்கம் போய் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தோம். ரெண்டு பெயரையும் சொன்னதும் சிரித்தார், இந்தப் பக்கத்திலிருந்து வாரத்துக்கு நாலு பேர் இதற்கே வருகிறார்களாம். கன்னியம்மாவும் விக்டோரியாவும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் எழுதி, நோட்டரி முத்திரையும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பாஸ்டர் தாவீது ஞானஸ்நானச் சான்றிதழ் தருகிறார். கேன்டீன் கான்ட்ராக்டரிடம் லீவு லெட்டர் கேட்டிருக்கிறேன், அந்த ஆள்தான் இன்றைக்கும் நாளைக்கும் என்று இழுக்கிறான், விடமாட்டேன். ஏஜென்டே வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. அங்கேயே பதிவு நம்பர் உள்ள நல்ல ஆள் யாராவது இருந்தால், இந்த ரெண்டு பெயர் விஷயத்தை மட்டும் ஒரு தடவை கேட்டுப் பார், கங்காருவைக் காட்டினால் எழுந்து வந்துவிடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏஞ்சல் லேப்டாப்போடு வருகிறாள், நீ வீடியோவில் இரு, உள்ளது உள்ளபடி எழுதுவோம். நீ கர்ப்பமாக இருப்பதையும் பிரசவத்துக்கு வருவதையும் மறைக்காதே, உன் அழைப்புக் கடிதத்தில் என் ரெண்டு பெயரையும் போடு.

கிடைக்காமலும் போகலாம். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குற்றம் சொல்லக் கூடாது. அப்படி ஆனால் மாப்பிள்ளைக்கு இப்போதே பூண்டுக் குழம்பு கற்றுக்கொடுத்துவிடு, பிள்ளையின் தலையைத் தாங்கித் தூக்கப் பழக்கு, வலி வந்ததும் எனக்கு வீடியோ போடு, எந்த நேரமானாலும் சரி, கேன்டீன் எரிந்தாலும் எடுக்கிறேன். நீ கூப்பிட்டால் அம்மா எடுப்பாள். சித்தி யாரும் எடுக்க மாட்டாள்.

கர்த்தர் உன்னையும் உன் வயிற்றில் இருக்கிறதையும் கண்ணின் மணிபோலக் காப்பாராக. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். மாத்திரையை மறக்காதே, நீ மறப்பாய், அதனால் மறுபடியும் எழுதுகிறேன், மாத்திரையை மறக்காதே. உன் நைனா இதைப் படிக்கக் கேட்டார், தரவில்லை. கடைசியில் என்ன பெயர் எழுதுவது என்று அவரையே கேட்டேன். ரெண்டையும் எழுதுமே என்றார்.

இப்படிக்கு,
நல்ல உயிரோடு இருக்கிற உன் அம்மா,
ஆ. கன்னியம்மா என்கிற விக்டோரியா