மடித்து வைத்த சீட்டும் பத்து மணிச் செய்தியும்

அண்ணா, எனக்குப் பள்ளி விடுமுறை. அம்மா துணி தேய்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல இதை நான் எழுதுகிறேன். நடந்தது எல்லாவற்றையும் உண்மையாகப் பதிவு செய்வேன். திட்டுகளையும் குறைக்க மாட்டேன். இனி வருவது அம்மாவின் சொல்.

அன்பு மகனுக்கு, இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர வேறு வழி நீ வைக்கவில்லை. உன் போனை ஒரு இயந்திரக் குரல் எடுக்கிறது. நேற்று அதனிடம் கால் மணி நேரம் அழுதுகொண்டே பேசினேன், முடித்ததும் "சட்டை தொடர்பான விசாரணை, அவசரமில்லை, பதிவு செய்துகொண்டேன்" என்றது. தங்கை அனுப்பிய மூன்று மின்னஞ்சலுக்கும் நன்றி என்று ஒரே பதில். அதனால்தான் விரைவுத் தபால். காகித உறையையாவது நீயே பிரிப்பாய் அல்லவா.

எது மேல் என்று உன் அலுவலகத்துக்கு ஒப்பிட்டு எழுத வேண்டும் என்று இரண்டு பேசும் பெட்டிகளை அனுப்பி, சலவைக் கடையில் ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சொன்னாய். பார்த்தோம். வெள்ளைப் பெட்டிக்கு நீராவிச் சத்தத்தில் காதே கேட்காது. அப்பா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார், "கூப்பிட்டா திரும்பாது, தொடச்சு மட்டும் வைக்கணும்" என்கிறார். கறுப்புப் பெட்டி கெட்டிக்காரி. துவைக்கும் இயந்திரம் நின்றால் குரல் கொடுக்கும், எத்தனை போர்வை பாக்கி என்று சொல்லும். நீ அங்கிருந்தே அதில் ஒரு தானியங்கி வேலையையும் ஏற்றிவிட்டாய், பேரும் போன் எண்ணும் எழுதிய சலவைச் சீட்டைப் படம் பிடித்தால் போதும், துணி எடுக்க வராதவர்களுக்குத் தினமும் காலை பத்து மணிக்குத் தானே செய்தி அனுப்பும். இரண்டு வாரத்தில் அலமாரி பாதி காலி. நானும் வாயைப் பிளந்தேன், அதை மறைப்பானேன்.

நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். துணி கொடுத்தவர் இறந்துவிட்டால் சீட்டை நான்காக மடித்து அந்தத் துணிக்குள் வைத்து மேல்தட்டில் ஏற்றிவிடுவோம், வாங்கிப் போகும்படி யாரையும் கேட்க மாட்டோம். வீட்டார் என்று வருகிறார்களோ அன்று. அடுத்த தெருக் கடிகாரக்காரர் போன மாதம் காலமானார். அவருடைய வெளிர்நீலச் சட்டையில் சீட்டை மடித்து வைத்தேன். மடிப்பதற்கு முன்பே அதைப் படம் பிடித்தாயிற்று என்பது என் மண்டைக்கு உறைக்கவில்லை. பெட்டிக்கு மடிப்பு தெரியுமா?

பதினொரு நாள் அனுப்பியிருக்கிறது, "உங்கள் சட்டை உங்களுக்காகக் காத்திருக்கிறது, ஓடி வாருங்கள்" என்று, சிரிக்கும் பொம்மை முகத்தோடு. யாராவது அவரைத் தேடி அழைத்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று அவர் மனைவி அந்தப் போனை அணைக்காமல் வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. "அக்கா, அவருக்கு இனிமே அனுப்பாதீங்க, மணி பத்தானா போனைத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெக்கறேன், சட்டைய நானே ஒரு நாள் வந்து வாங்கிக்கறேன்" என்றாள். இனி வராது, அதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். அவள் எதிரிலேயே கறுப்புப் பெட்டியை நிறுத்தச் சொன்னேன், தேன் ஒழுக "நிறுத்திவிட்டேன்" என்றது. மறுநாள் பத்து மணிக்கு மறுபடி போயிருக்கிறது, இந்த முறை "கடைசி வாய்ப்பு" என்று. பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிப் போட்டோம், அப்போதும் போனது, அந்த வேலை பெட்டியில் இல்லை, உன் கணக்கில் ஓடுகிறதாம். அவள் அந்த எண்ணைத் தடுத்தாள், வேறு எண்ணிலிருந்து வந்தது. தூ! (அம்மா நிஜமாகவே துப்பினாள், ஜன்னலுக்கு வெளியே.) ரத்தம், வாந்தி, சீழ் எல்லாம் இந்தக் கையால் அலசியிருக்கிறேன், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இதை நினைத்தால் குமட்டுகிறது. அதைவிட என்னை நினைத்தால். அலமாரி காலியானதும் பூரித்துப்போனவள் நான்தானே. அப்பா, "அவன் நல்லதுக்குத்தான் செஞ்சான், விடேன்" என்கிறார். நல்லதுக்குச் செய்தவன் அது கெட்டுப்போனால் போனை எடுக்க வேண்டாமா?

ஒப்பீடு கேட்டாயே, எழுதிக்கொள். மாப்பிள்ளைதான் மேல், அதனால் யாரும் அழவில்லை.

கடவுச்சொல் உன்னிடம்தான் இருக்கிறது. இதைப் படித்த கையோடு அதை நிறுத்து. பிறகு அவளை நீயே கூப்பிடு, உன் சொந்தக் குரலில். என்ன பேசுவது என்று இன்னொரு பெட்டியைக் கேட்டுவைக்காதே. நீ நிறுத்தும் வரை தினமும் ஒன்பதரைக்குக் கடையை அடைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போவேன். அந்தப் போனை என் கையில் வாங்கிக்கொள்வேன், செய்தி வந்ததும் அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். நான் கொடுத்த வாக்குக்கு இதைத்தான் என்னால் செய்ய முடியும். வேளைக்குச் சாப்பிடு. கோபம் கோபம்தான், நீ என் பிள்ளைதான். நூறு வயது நன்றாக இரு. நிறுத்த மறக்காதே.

உன் மேல் கோபமாக இருக்கும்,
அம்மா

அண்ணா, மணி ஒன்பது இருபத்தெட்டு. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள், என்னையும் கூட வரச் சொல்கிறாள். கடை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டாள்.